புளி போட்டுக் கழுவிய ரவைக் கோதுகள்

சாய்ந்தமருது,
12.01.2024, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் றிப்னாவும் சுகமாக இருக்கிறோம். கட்டிய புருசனின் சுகத்தை அப்துல் ஸமட்டின் வாயால் கேட்டு அறிய வேண்டிய நிலைமை எனக்கு. நீங்கள் இளைத்துப் போனதாகச் சொன்னார். அவர் லீவில் வரும்போதெல்லாம் ஓமானில் இருக்கிற எல்லாரையும் அப்படித்தான் சொல்வார், ஆகையால் பாதியை நம்பினேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் கதைத்தால் மூன்றாம் நிமிடம் உங்கள் குரல் உயர்கிறது, நாலாம் நிமிடம் என் குரல் உயர்கிறது, ஐந்தாம் நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். நீங்கள் போன பதினாலு மாதமும் இதுதான் நடக்கிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே விழ முடியாது. எனக்கும் அதே சட்டம்தான். ஸமட் திங்கட்கிழமை திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

விசயம் இதுதான். றிப்னாவைக் கேட்டு வந்த பாலமுனைக்காரர்கள் இன்னும் விருப்பத்தோடு இருக்கிறார்களாம். நீங்கள் அன்றைக்கு அவ்வளவு கதைத்த பிறகும் மாப்பிள்ளை றிம்சான் வேறு இடம் பார்க்க விடவில்லையாம். ஒலுவிலில் போட் எஞ்சின் திருத்துகிற வேலை அவருக்கு நன்றாகப் போகிறது. றிப்னாவிடம் கேட்டேன். தொடர்ந்து தேங்காய் துருவினாள். அவளுக்குப் பிடிக்காவிட்டால் திருவலகையை வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் வாதாடுகிற பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நடந்ததை நான் நினைவில் வைத்திருக்கிற மாதிரி எழுதுகிறேன், பிழை என்றால் திருத்துங்கள். நமது ஊர் வழக்கப்படி மகளின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கப்போகிற வீட்டை அவர்கள் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளை அங்கேதானே வந்து இருப்பது. மாப்பிள்ளையின் பெரியவாப்பா விறாந்தையில் இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு, முன்னறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்தால் பெரிய அறையாக வரும் என்றார். நீங்கள் எழும்பி நின்று, “இந்தச் செவுரில ஆரும் கை வைக்க ஏலா. இது நான் கட்டின ஊடு. நான் மௌத்தாகிற வரைக்கும் ஆருக்கும் உடமாட்டன்” என்றீர்கள். தேத்தண்ணீர் தட்டோடு வந்த நான் அத்தனை பேர் முன்னால், “இது உங்கட ஊடில்ல மச்சான், எண்ட ஊடு” என்றேன்.

அந்தக் கிழமையே நீங்கள் விசா எடுத்துப் போய்விட்டீர்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணத்தை வைக்க எல்லாரும் விரும்புகிறார்கள். வாப்பா உயிரோடு இருக்கும்போது வாப்பாவின் சம்மதம் இல்லாமல் மகளின் நிகாஹ் நடக்காது. நீங்கள் வந்து நடத்த வேண்டும், அல்லது உங்களுக்குப் பதிலாக நிற்க ஒருவரை எழுதித் தரவேண்டும். காதி நீதிபதியிடம் போய்ச் சொன்னால் அவர் ஒரு வழி செய்வார் என்று என் உடன்பிறந்த அஷ்ரப் காக்கா சொல்கிறார். நான் வேண்டாம் என்றேன். தகப்பன் இருக்கத் தகப்பன் இல்லாத பிள்ளையைப் போல அவளை உட்கார வைக்க எனக்கு மனம் இல்லை.

சம்மதம் என்றால் எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள்.

துஆவோடு,
அஸீஸா.


நிஸ்வாப் பக்கம், ஓமான்,
03.02.2024.

அன்புள்ள அஸீஸாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் ஒரு பிழைதான் உண்டு. அன்றைக்கு நீ கொண்டு வந்தது தேத்தண்ணீர் இல்லை, நன்னாரிச் சர்பத். நான் எழும்பிய வேகத்தில் என் சாரத்தில்தான் ஊற்றுண்டது. மற்றதெல்லாம் சரி.

சம்மதமா இல்லையா என்று இப்போதே எழுத என்னால் முடியவில்லை. சுனாமியில் கடல் வந்து போன பிறகு, அந்த வளவில் கிணற்றுக் கட்டைத் தவிர ஒன்றும் மிஞ்சாத இடத்தில், கல்லுக்கு மேல் கல்லாக நானே வைத்த வீடு அது. கூலிக்கு ஆள் பிடிக்காமல், மற்றவர்களின் வேலைக்குப் போய் வந்து, பின்னேரங்களில் கட்டினேன். அதை விட்டு எழும்பு என்று சொன்னால் எனக்குச் சுடுகிறது. அதற்காக என் மகளின் கலியாணத்தை மறிக்கிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் பொறு.

அதற்கிடையில் இந்த வேலையும் போய்விடும் போலிருக்கிறது. எப்படி என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

நான் வந்தது இங்கே ஒரு துப்பாக்கி சுடும் கழகத்துக்கு மதில் கட்ட என்று உனக்குத் தெரியும். பலகையில் வட்டம் போட்டுத் தூரத்தில் நின்று சுடுகிற விளையாட்டு. பயப்படாதே, மனிசரைச் சுடுகிற இடம் இல்லை. மதில் முடிந்த பிறகு என்னை அனுப்பாமல் பட்டறையில் உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். சுட்ட பிறகு கீழே விழுகிற பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, துடைத்து, மறுபடியும் மருந்து அடைக்கத் தயார் செய்வது இங்கே ஒரு தனி வேலை. அதைப் பார்ப்பவர் முதலாளியின் மகள் மர்யம். நமது றிப்னாவை விட நாலு வயது கூட இருக்கும். போட்டிக்குச் சுடுகிற பிள்ளை. அவருக்கு ஒரு துப்பாக்கி, தம்பிக்கு ஒன்று, தகப்பனுக்குப் பழையது ஒன்று. மூன்றும் சுடுவது ஒரே அளவு ரவையைத்தான்.

போன கிழமை எல்லாரும் மஸ்கட் போயிருந்தார்கள். மூன்று பெட்டியில் கோதுகள் கறுத்துப்போய்க் கிடந்தன. அவர்கள் வருவதற்குள் ஒரு நல்ல வேலை செய்து வைப்போம் என்று எனக்கு ஆசை வந்தது. பெருநாள் வந்தால் நீ உன் உம்மாவின் பித்தளை வெற்றிலை வட்டாவையும் எச்சில் படிக்கத்தையும் பழப்புளி போட்டு மினுக்குவது ஞாபகம் வந்தது. மலையாளத்தான் கடையில் புளி வாங்கி, பெரிய பேசினில் கரைத்து, மூன்று பெட்டியையும் அதற்குள் கவிழ்த்தேன். அறுநூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேய்த்து, கழுவி, சாக்கில் வெயிலில் பரப்பினேன். பொன் மாதிரி இருந்தது.

மர்யம் வந்து பார்த்தார். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குரல் உயராமல், யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். எனக்குப் பயத்தில் வாய் குழறி, என் மனைவி என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் விளங்கியது. ஒரு துப்பாக்கியில் வெடித்த கோது அந்தத் துப்பாக்கிக்குள் ரவை உட்காருகிற அறைக்குத் தக்கபடி உப்பிப் போய்விடுமாம். அடுத்த துப்பாக்கியில் போட்டால் அந்த அறையின் கதவு மூடாது. அதனால்தான் மூன்று பெட்டி, ஒவ்வொரு கோதின் அடியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பேனையால் அடையாளம். நான் அந்த அடையாளத்தையும் சேர்த்து மினுக்கிவிட்டேன். மே மாதம் போட்டி. தம்பிக்காரன் என்னை ஊருக்கு அனுப்பச் சொல்லி நிற்கிறான். மர்யம், ஒரு மாதம் பார்ப்போம், கலந்தவரே பிரிக்கட்டும் என்றார்.

எனக்காக ஒரு யாஸீன் ஓது.

உன்
காலிதீன்.


சாய்ந்தமருது,
20.02.2024.

அன்புள்ள மச்சான்,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன், ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. றிப்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தின்னப் பிடித்த பிட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் நீங்கள் இல்லாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தரம்.

இருபத்தைந்து வருடத்தில் ஒரு பெருநாளுக்காவது நீங்கள் அந்தப் படிக்கத்தைக் கையால் தொட்டிருப்பீர்களா? நான் கிணற்றடியில் குந்தியிருந்து தேய்க்கும்போது பக்கத்தில் நின்று, இங்கே கறுப்பு இருக்கிறது, அங்கே கறுப்பு இருக்கிறது என்று காட்டித் தந்ததோடு சரி. ஓமானில் போய் அறுநூறு தேய்த்தீர்களாம். அதுவும் பழியை என் தலையில் போட்டுவிட்டு. அந்தப் பிள்ளை என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும்?

மர்யமுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். கோபம் வந்தும் கத்தாமல் இருக்கிற பெண்ணை எனக்குப் பிடிக்கும், எனக்கு அது வராது. யாஸீன் ஓதினேன். மூன்று நாள் ஓதினேன், மூன்று பெட்டி என்றீர்களே.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஊருக்கு வரும்போது ஞாபகத்துக்கு என்று ஒரு கோதைக் கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். யுத்த காலத்தில் நாம் எத்தனை வருடம் அதற்குப் பயந்து பதுங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்தில் வைத்துப் பிடித்தால் பிறகு நிகாஹுக்கு வாப்பாவைச் சிறையிலிருந்து கூப்பிட வேண்டி வரும். அக்கம்பக்கத்தில் கேட்டால் நீங்கள் பித்தளைப் பட்டறையில் வேலை செய்வதாகத்தான் சொல்கிறேன். பொய்யும் இல்லை.

நீங்கள் பொறு என்றீர்கள், பொறுக்கிறேன். வீட்டைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் பின்னேரங்களில் கட்டிய வீடுதான். லாம்பு பிடித்தது யார் என்று எழுத மறந்துவிட்டீர்கள். றிப்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாந்துச் சட்டி தூக்கியவளும் நான்தான். ஆனாலும் அன்றைக்கு எண்ட ஊடு என்று நான் சொன்னது சரியில்லை. உண்மைதான், காணி உறுதிப் பத்திரத்தில் என் பேர்தான் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சபையில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என்னை மன்னியுங்கள். போனில் இதைச் சொல்ல எத்தனையோ நாள் முயன்றேன், உங்கள் ஹலோவைக் கேட்டதும் எனக்கு வேறு கதை வந்துவிடும்.

பாலமுனைக்காரர்கள் நோன்புக்கு முன்னால் ஒரு முடிவு கேட்கிறார்கள். பெருநாள் வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் அவர்களைப் பிடித்து வைக்க ஏலாது.

உங்கள்
அஸீஸா.


நிஸ்வாப் பக்கம்,
10.03.2024.

அன்புள்ள அஸீஸா,

நாளை மறுநாள் நோன்பு தொடங்கலாம் என்கிறார்கள். உனக்கும் மகளுக்கும் நோன்பின் பரக்கத்துக் கிடைக்கட்டும். நீ மன்னிப்புக் கேட்ட இடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீ கேட்டிருக்கத் தேவையில்லை. கேட்டதற்கு நன்றி.

வேலை போகவில்லை. எப்படிப் போகவில்லை என்று எழுத வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

எந்தக் கோது எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிரிக்கத்தான் நான் முதலில் குந்தினேன். இரண்டு நாளில் முப்பதுதான் முடிந்தது. மர்யம் வந்து, இனி இதைப் பிரிக்க வேண்டாம், மூன்றிலும் போகிற மாதிரிச் செய்துவிடுவோம் என்றார். கோதுக்கு மெல்லிதாக எண்ணெய் பூசி, இரும்பு அச்சுக்குள் விட்டுக் கைப்பிடியை இழுத்தால் உப்பிய உடம்பு சுருங்கி வரும். தன் துப்பாக்கிக்கு மட்டும் என்றால் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதுமாம். மூன்றுக்கும் பொது என்றால் உடம்பு முழுவதும் உள்ளே போக வேண்டும். எந்த அளவுக்கு என்றால், மூன்றில் எது ஆக இறுக்கமோ அதற்குத் தக்க அளவுக்கு. தகப்பனின் பழைய துப்பாக்கிதான் ஆக இறுக்கம். அதற்குள் போனால் மற்ற இரண்டுக்குள்ளும் போகும்.

நான் சும்மா இருப்பேனா? கொஞ்சம் அமுக்கியதற்கே இவ்வளவு நல்லது என்றால் இன்னும் அமுக்கினால் இன்னும் நல்லது என்று நாற்பதை இழுத்து நெரித்தேன். மர்யம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடிக்குச் சற்று மேலே மினுங்குகிற ஒரு கோடு. அந்த இடம் மெலிந்துவிட்டது, அடுத்த தரம் வெடிக்கும்போது அதிலேயே கிழியும் என்றார். தேவைக்கு மேல் நெரித்தால் கோது செத்துவிடுமாம். கதவு சத்தம் இல்லாமல் மூடினால் போதும், அதற்கு மேல் மயிரிழை கூட வேண்டாம் என்றார்.

அந்த நாற்பதையும் ஒதுக்கினோம். மற்றதை அடியில் உள்ள எழுத்தைப் பார்த்துக் கம்பனி கம்பனியாகப் பிரித்தோம். எத்தனை தரம் சுட்டது என்ற கணக்கு என் புளியோடு போய்விட்டதால், நுனி வளைத்த கம்பியை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால் அது கழிவு. இந்த வேலை எனக்கு வந்தது. பூசின சுவரில் மேடு பள்ளம் கைக்குத் தெரியும், அதே கைதான். மர்யம் கூடத் தவறவிட்டதை நான் நாலு இடத்தில் பிடித்தேன். நீங்கள் போகக் கூடாது என்று அப்போதுதான் சொன்னார். தம்பிக்காரனும் நேற்று எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டு வந்து தந்தான். யா அல்லாஹ், இந்த மனிசருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று இருக்கிறது.

இனி உன்னிடம் கேட்பது. தகப்பனின் துப்பாக்கிக்குத் தக்கபடி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு இருக்கும்போது எனக்கு உன் வாப்பா ஞாபகம் வந்தார். ஏன் என்று எனக்குத் தெரியாது. நாம் கலியாணம் முடித்தது தொண்ணூற்றொன்பது ஒக்டோபரில். அந்தப் பழைய வீட்டில் ஒரே ஓர் அறை, அது நமக்கு. மாமி சமைக்கிற குசினியில் படுத்தா. மாமா கடற்கரை வாடியில் படுக்கிறார், மீன் சீசன் என்று எனக்கு எல்லாரும் சொன்னீர்கள். நானும் நம்பினேன். கல் கட்டுகிற மேசனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் ஒக்டோபருக்கு அடுத்தது மாரி. மாரியில் கரைவலை இழுப்பதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். மழைக்குள் அந்த ஓலை வாடியில் மாமா என்ன செய்தார்?

உண்மையை எழுது.

காலிதீன்.


சாய்ந்தமருது,
28.03.2024.

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதம் நோன்பு பதினாறில் வந்தது. கஞ்சி காய்ச்சக் கூட எழும்பாமல் வாசித்தேன். வாப்பாவைத் துப்பாக்கிக் கோதுக்குப் பக்கத்தில் வைத்து நினைத்தது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு, எங்கே வைத்தாவது நினைத்தீர்களே என்று ஆறுதல் வந்தது. வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடம். அவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்டதே இல்லை.

வாடியில் மீனும் இல்லை, வலையும் இல்லை. ஒழுகுகிற ஓலைக்குக் கீழே ஒரு சாக்கு, ஒரு போர்வை. எட்டு மாதம் அங்கேதான் படுத்தார். நமது அறைக்கும் குசினிக்கும் நடுவில் இருந்தது பலகைத் தட்டிதான், நினைவு இருக்கிறதா? புதிதாக வந்த மருமகப் பிள்ளை வாய் திறந்து கதைக்கவும் கூச்சப்படும், நான் குசினியில் இருந்தால் அதற்கு இருமவும் பயமாக இருக்கும் என்று உம்மாவிடம் சொன்னாராம். மழை கூடிய ஒரு நாள் நான் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்து அழுதேன். “மருமகன்ட காதுல இது உழப்படா மகள். அறிஞ்சா அவன் வெக்கப்பட்டு அந்த ஊட்டுல கால் நீட்டிப் படுக்க மாட்டான்” என்றார். அதனால்தான் சொல்லவில்லை. இப்போது நீங்களே கேட்டதால் சொல்கிறேன், வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அல்லாஹ் மன்னிக்கட்டும்.

எட்டு மாதம் கழித்து நீங்களே ஒரு நாள், மாமாவுக்குப் படுக்க ஒரு சாய்ப்பு அறை இறக்கித் தருகிறேன் என்று பின்பக்கம் கல் வைத்தீர்கள். வாப்பாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோசம் எனக்குத்தான் தெரியும். சாய்ப்புக் கிடைத்ததற்காக இல்லை. மருமகன் இந்த வளவில் தன் பாட்டில் கல் வைக்கிறான், இனி இது அவனுக்கும் ஊடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதை உங்களுக்குக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீங்கள் வந்த நாளிலிருந்து எங்களுக்காகப் பாடுபட்டவர். கடல் வந்த அன்றைக்கு றிப்னாவைத் தோளில் வைத்துக்கொண்டு என் கூந்தலைப் பிடித்து இழுத்து ஓடியவர். அந்த நன்றியை நான் எந்தக் காலத்திலும் உங்களிடம் சொன்னதில்லை. கூந்தலைப் பிடித்ததற்குத்தான் திட்டினேன்.

பெருநாளைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

அஸீஸா.


நிஸ்வாப் பக்கம்,
25.04.2024.

அன்புள்ள அஸீஸா,

பெருநாள் தவணை தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். முடிவைப் போனில் ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். உன் கடிதம் கிடைத்த பிறகு போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். பெருநாள் தொழுகையில் உன் வாப்பாவுக்காக துஆக் கேட்கக் கையை ஏந்தினேன். அவர் இருக்கும்போது ஒரு நாளாவது, மாமா, நீங்கள் எங்கே படுத்தீர்கள் என்று கேட்டிருந்தால் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன். பக்கத்தில் நின்ற ஸமட் எனக்கு ஊர் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவினார்.

இத்தோடு வைத்திருக்கும் தாளை அஷ்ரப் மச்சானிடம் கொடு. மஸ்கட்டுக்குப் போய்த் தூதரகத்தில் முத்திரை வாங்கினேன், அதனால்தான் பிந்தியது. ஆதம்லெப்பை காலிதீன் ஆகிய நான் என் மகள் றிப்னாவை அவளுடைய விருப்பத்தின்படி பாலமுனை றிம்சானுக்கு நிகாஹ் செய்து கொடுக்க மனமாரச் சம்மதிக்கிறேன், எனக்குப் பதிலாக என் மனைவியின் காக்கா அஷ்ரப் நின்று ஒப்படைப்பார் என்று எழுதியிருக்கிறேன். மனமார என்ற சொல்லை எழுதுவினைஞர் தேவையில்லை என்றார். நான்தான் போடச் சொன்னேன்.

எனக்கு ஓகஸ்டில்தான் லீவு. முன்னால் கேட்டால் மர்யம் தருவார். ஆனால் என்னால் நாசமான வேலையை முடித்துக் கொடுக்காமல் போட்டிக்கு முன்னால் கிளம்ப எனக்கு மனம் இல்லை. பிறகு ஜூன் முழுவதும் பட்டறையில் வேலை செய்கிற மற்ற இரண்டு பேரும் லீவில் போகிறார்கள். அந்த நாளில் மகள் பக்கத்தில் நான் இல்லை என்பது எனக்குத் தீராத குறைதான். நான் கோபித்துக்கொண்டு வந்ததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுவரை எடுக்கட்டும். ஆனால் கண்டபடி இடிக்க வேண்டாம். றிம்சானிடம் இதை வாசித்துக் காட்டு. மேலே ஓடுகிற கொங்கிறீட் பீமுக்கு முட்டாமல் நாலு விரல் கீழே இருந்து தொடங்க வேண்டும். முதலில் ஜன்னல் பக்கம், கடைசியாகக் கதவுப் பக்கம். உள்ளே மின்சார வயர் இடுப்பு உயரத்தில் போகிறது. சாந்து கடுமையாகப் போட்டிருக்கிறேன், சுத்தியல் துள்ளும், கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல். இடித்த கல்லை வீச வேண்டாம், பாதி முழுக்கல்லாகவே வரும்.

வீட்டை மகளின் பேரில் எழுது. எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். வருத்தம் இருக்கிறது, ஆனால் நான் பட்ட கடன் அதைவிடப் பெரியது. ஒரு மனிசன் மழையில் கிடந்து எனக்கு ஓர் அறை தந்தார். நான் வெயிலில் நின்று கட்டியதை இன்னொரு பிள்ளைக்குத் தர மறுத்தால் அவர் முகத்தில் நாளை மறுமையில் எப்படி விழிப்பேன்?

நீ எனக்கு உண்மையை எழுதினாய். அதற்கு அல்லாஹ் உனக்குக் கூலி தரட்டும்.

என்றும் உன்
காலிதீன்.


சாய்ந்தமருது,
05.07.2024, வெள்ளிக்கிழமை.

என் மச்சானுக்கு,

ஸலாம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம்முடைய மகளின் நிகாஹ் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். போனில் நீங்கள் கேட்டது சத்தம்தான், நான் பார்த்ததை எழுதுகிறேன்.

பதிவுகாரர் உங்கள் தாளைச் சபையில் வாசித்தார். மனமார என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெரியவாப்பா, அந்தச் சுவர்க் கதையைத் தொடங்கி வைத்த அதே மனிசர், சால்வையால் கண்ணைத் துடைத்ததை ஜன்னலால் கண்டேன். அஷ்ரப் காக்கா இரண்டு தரம் இருமிவிட்டு உங்கள் இடத்தில் நின்று ஒப்படைத்தார். றிப்னா உள்ளே அழவில்லை. நான் அழுவேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தாள் வாசித்து முடிந்த பிறகு வாப்பாவின் கையெழுத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கிப் பார்த்தாள், பிறகு அவளும் என்னோடு சேர்ந்துகொண்டாள்.

சுவர் நிகாஹுக்கு முன்னமே எடுத்தாயிற்று. றிம்சான் உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து வைத்துத்தான் இடித்தார். ஒரு நாள் வேலை என்று தொடங்கியது மூன்று நாள் போனது. வேர்த்து வடிய வெளியே வந்து, “மாமாட செவுர் உடையிதில்ல மாமி. இப்பிடிக் கட்டின ஊட்டுல இரிக்க எனக்குப் பயமில்ல” என்றார். நூற்றுப் பத்து முழுக்கல் மிஞ்சியது. நீங்கள் சொன்ன பாதியை விடக் கூட. ஒன்றைக் கூட வீசவில்லை.

நேற்று அஷ்ரப் காக்காவோடு போய் வீட்டை றிப்னாவின் பேரில் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தை ஒரே இழுப்பில் வைத்தேன். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே இருந்து றிப்னா எட்டிப் பார்த்து, “வாங்க உம்மா” என்றாள். பிள்ளை அன்பாகத்தான் சொன்னது. ஆனால் என் வாழ்நாளில் அந்த வாசலில் வைத்து என்னை யாரும் வாங்க என்று சொன்னதில்லை. நான் பிறந்த வளவு அது, கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டிய இடமாக ஒரு நாளும் இருந்ததில்லை. செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். இருபத்தைந்து வருடமாக நீங்கள் எப்படி அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்ட ஊடு என்று நான் சொன்னது உங்களை எங்கே வெட்டியது என்பதும் விளங்கியது.

மச்சான், இப்போது எனக்கும் வீடு இல்லை. நீங்களும் நானும் சரிக்குச் சரி. இனி எந்தச் சபையில் சண்டை பிடித்தாலும் அந்தச் சொல்லை உங்களுக்கு எறிய என் கையில் ஒன்றும் இல்லை.

பின்வளவில் கிணற்றுக்குத் தெற்கே நமக்கு இடம் விட்டிருக்கிறது. ஓர் அறையும் ஒரு குசினியும் எடுக்கலாம். கட்ட மணல் கொண்டுவந்து பறித்தாயிற்று. அது உங்கள் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் காலெடுத்து வைக்கிற முதல் வீடு. அதுவரைக்கும் மகள் வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறேன், நன்றாகத்தான் பார்க்கிறார்கள்.

இந்த ஊரில் மேசன்மாருக்குக் குறைவில்லை. நான் ஒருவரையும் கூப்பிடவில்லை.

அஸீஸா.